இரலையும் ஈயும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆபிரிக்கக் காடுகளைப் பற்றிய கட்டுரையில், புஷ்பக் என்னும் காட்டு இரலையும் செட்சி ஈயும் வாழ்வு முறையில் நெருங்கியவை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று இரத்தம் இழப்பது, மற்றது அதை உறிஞ்சுவது. இவற்றுக்குள் என்ன ஒப்புமை? புஷ்பக், நமது ஹோர்ட்டன் சமவெளி மரையின் இனந்தானா?

யோகேஸ்வரி, ஹட்டன்

அன்புள்ள யோகேஸ்வரி,

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. மரை மான் குடும்பத்தது. அதன் கிளைத்த கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். புஷ்பக் மாட்டுக் குடும்பத்தது. கிடாய்க்கு மட்டுமே உள்ள முறுக்குக் கொம்பு உதிர்வதில்லை. இலங்கைக் காடுகளில் இயற்கையாக வாழும் இரலை எதுவும் இல்லை.

நான் ஒப்பிட்டது உணவை அன்று, பிள்ளைப்பேற்றை. வீட்டு ஈ ஒரே தடவையில் நூறு முட்டையளவு இட்டுவிட்டுப் பறந்துவிடும். செட்சி ஈயோ ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றுக்குள் வைத்து, பால் போன்ற சுரப்பை ஊட்டி, ஏறத்தாழத் தன் எடைக்கே வளர்த்த பின், ஒன்பது பத்து நாளுக்கு ஒருமுறை நிழலான மண்ணில் ஈன்றுவிடுகிறது. புழு உடனே மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. புஷ்பக் பிணையும் ஆறு மாதம் சுமந்து ஒரே குட்டியை ஈன்று, அதைப் புதருக்குள் மறைத்துவிட்டு, பாலூட்ட மட்டும் வந்துபோகிறது. வாடை காட்டிக்கொடுக்காதபடி குட்டியின் சாணத்தைக்கூடத் தின்றுவிடும். எண்ணிக்கையை நம்பாமல் ஒளிவிடத்தையும் பாலையும் நம்பும் இந்த வழி, பூச்சிகளில் மிக அரிது.

உறிஞ்சும் உறவையும் நான் மறந்துவிடவில்லை. புஷ்பக்கின் இரத்தத்தில் அதற்குப் பெருந்தீங்கு செய்யாமல் வாழும் ஒட்டுண்ணியை ஈ எடுத்துச் சென்று, மனிதருக்குத் தூக்க நோயையும் மாடுகளுக்கு நகானா என்னும் நோயையும் தருகிறது. மனிதரைத் தொற்றும் வகை புஷ்பக்கின் உடலிலேயே இருப்பது 1958இல் கென்யாவில் உறுதியானது. ஆனால் அதற்கு வெகு முன்பே, ஈயின் உணவை அறுப்பதாகச் சொல்லித் தென் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) காட்டு விலங்குகளைப் பெருமளவில் சுட்டுத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். பிற்காலத்தில் குறிவைத்துச் சுட்ட சில இனங்களில் புஷ்பக்கும் ஒன்று. எனக்கு அது மூர்க்கமான வைத்தியமாகவே படுகிறது.

ஈயின் பலவீனம் அதன் மந்தமான பிள்ளைப்பேற்றில்தான் இருக்கிறது. சன்சிபாரின் உங்குஜா தீவில் முதலில் மாடுகளுக்குப் பூச்சிமருந்து பூசி ஈக்களைக் குறைத்து, பின்னர் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிட்டார்கள். அவற்றோடு கூடிய பெண்ணுக்கு வாரிசு இல்லை. ஒவ்வொன்றாகவே ஈனும் இனத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை. 1990களின் இறுதிக்குள் அத்தீவில் செட்சி ஈ அற்றுப்போயிற்று.