லாகூர்க்காரர்கள் நடப்பு நிகழ்வுகளை எப்படிப் படிக்கிறார்கள்?

கேள்வி: சிவில் சர்வீஸுக்குப் படிக்கிறேன். பாகிஸ்தானின் சிவில் சர்வீஸ் தேர்வான சி.எஸ்.எஸ்.ஸில் நடப்பு நிகழ்வுகளுக்கென்று தனித் தாளே இருக்கிறதாமே, அதற்கு எப்படித் தயாராகிறார்கள்? மாத இதழ்களை மனப்பாடம் செய்தும் எனக்கு எதுவும் தங்கவில்லை. (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இருக்கிறது அம்மணி. எழுத்துத் தேர்வின் மொத்தம் 1200 மதிப்பெண்ணில் அந்தத் தாளுக்கு 100. கட்டாயத் தாள் என்பதால் 40 எடுக்காவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. கொள்குறி வினாக்களுக்கு வெறும் 20தான். மீதி 80, நான்கு நீண்ட விடைகளுக்கு. பாடத்திட்டத்தில் உள்நாட்டு விவகாரம் 20, வெளியுறவு 40, உலகப் பிரச்சினைகள் 40. யார் எந்த விருது வாங்கினார் என்ற பட்டியல் அங்கே கரை சேர்க்காது. அதனால்தான் அங்கே படிக்கிற பிள்ளைகள் 'டான்' நாளிதழின் தலையங்கப் பக்கத்தை விடுவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண் வரலாம். லாகூர்ப் பிள்ளை 1960க்குப் போயாக வேண்டும். உலக வங்கி நடுவில் நிற்க, கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டது. ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு என்று பிரித்தது. பிறகு இந்தியாவின் கிஷன்கங்கா, ராட்லே நீர்மின் திட்டங்களில் வந்த வழக்கு. இவ்வளவும் தெரிந்தால்தான் 20 மதிப்பெண் விடை நிற்கும். நம் மெயின்ஸ் இரண்டாம் பொதுத்தாளில் அண்டை நாட்டு உறவு இருக்கிறதே, அங்கேயும் இதே சங்கதிதான். பக்கம் மட்டும் மாறும்!

உங்களுக்கு இது இன்னும் சுலபம். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வயலுக்கு வருவதே ஒப்பந்தத் தண்ணீர்தானே? தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958இலிருந்து செல்லும் என்று எழுதப்பட்டது. மணக்கடவு அணையில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்றும் அதில் இருக்கிறது. சிந்து ஒப்பந்தத்தில் அப்படிக் கெடு எதுவும் கிடையாது. மாற்றுவதென்றால் இரு நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தலையங்கம் தானாகப் புரியும். பொள்ளாச்சியில் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கும் முதல் வாரம் இதுதான் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவார்கள், எழுதட்டும்.

மாத இதழைத் தூக்கிப் போட வேண்டாம். பிரிலிம்ஸுக்கு முன்னால் ஒரு புரட்டு புரட்டினால் போதும். அப்புறம், கேரள பி.எஸ்.சி.யும் எழுதுவதாக இருந்தால் தமிழ் வினாத்தாள் உண்டா என்று அறிவிக்கையில் பார்த்து, அதில் சொன்னபடி குறித்துவிடுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள், அங்கே தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுவார்கள்.