வாசகர் கேள்வி: கொம்பு வைத்தும் பயம் வரலையே!

கேள்வி: கொம்பு, கோரைப்பல், ரத்தம் சொட்டும் நாக்கு எல்லாம் போட்டு ஒரு கடல் பூதம் வரைந்தேன். என் தங்கச்சி பார்த்துவிட்டு, "பாவம், பல்வலி போல" என்று சிரிக்கிறாள். பயமாகத் தெரிய என்ன செய்யணும்?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தங்கச்சி சொன்னது சரிதான். நீங்கள் அனுப்பிய பூதம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிறது. எந்தப் பக்கம் பாயும் என்றே தெரியாத உருவத்துக்கு நாற்பது பல் வைத்தாலும் அது புதுவீட்டில் தொங்கும் திருஷ்டி பொம்மைதான்.

பாம்பனில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! படகு வந்ததும் கரைக்குப் போய், கூடையில் உயிரோடு கிடக்கும் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸைப் பாருங்கள் (பேர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை). கொம்பு கிடையாது, பல்லும் வெளியே தெரியாது, ஆனால் ஒரு கை கூடை விளிம்பைத் தடவிப் பிடிக்க, இன்னொரு கை தன்பாட்டுக்கு வேறு பக்கம் போக, எலும்பே இல்லாத உடம்பு கஞ்சி வழிகிற மாதிரி வெளியே வந்துவிடும். அதன் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் எட்டுக் கைகளிலேயே இருப்பதால் ஒவ்வொரு கைக்கும் தனிப் புத்தி இருப்பதுபோல் தோன்றும். நம் கண் அங்கே முழங்கையையும் மூட்டையும் தேடுகிறது. கிடைக்காதபோதுதான் உடம்பு கூசுகிறது.

பாம்பு மாதிரி நீளமான அஞ்சாலை மீன் வேறு ரகம். பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி, வாயை மெல்லத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருகிறது என்று நினைப்போம். அது செவுளுக்குத் தண்ணீர் இழுத்து மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். உங்கள் பூதமும் கத்த வேண்டாம், மூச்சு விடட்டும். பாதி உடம்பை இடுக்குக்குள் வையுங்கள், மிச்சம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பவர் கணக்குப் போடட்டும்.

அப்புறம், பல்லைக் கடைசியில் வரையுங்கள். முதலில் தலையிலிருந்து வால்வரை ஒரே வளைகோடு. எடை முழுக்க ஒரு காலில், தலையும் உடம்பும் அந்தப் பாதத்தைத் தாண்டி முன்னால் சரிந்திருக்கணும். அந்த நிலையில் யாராலும் நிற்க முடியாது. ஒன்று விழணும், இல்லை பாயணும்.

கேள்வி: இதையே செல்போனில் அனிமேஷனாகச் செய்தால் விநாடிக்கு 24 படமும் வரையணுமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். 12 வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டினால் போதும். ஆனால் அசைவைச் சமமாகப் பங்கு போட்டால் சாவி கொடுத்த பொம்மை ஆகிவிடும். தனுஷ்கோடி மணலில் வளை தோண்டும் வெளிர் நண்டைப் பார்த்திருப்பீர்களே, ஓடும், சட்டென்று நிற்கும், கண் மட்டும் நிமிர்ந்து நம்மையே பார்க்கும், நாம் ஓர் அடி வைத்தால் ஆளைக் காணோம். நடுவில் எப்படிப் போனது என்று கண்ணில் சிக்காது. அதேபோல ஒரு விநாடி முழுக்க பூதம் அசையாமல் இருக்கட்டும், அப்புறம் ஒரே ஒரு படத்தில் லேசாகப் பின்வாங்கட்டும், அடுத்த இரண்டாவது படத்தில் முகத்துக்கு நேரே வந்துவிடணும். ராத்திரியில் தங்கச்சிக்குக் காட்டாதீர்கள், அம்மாவிடம் திட்டு உங்களுக்குத்தான்.