வேலையை விடலாமா, உண்மையைச் சொல்லலாமா? கேள்விகளும் பதில்களும்

வணக்கம். எனக்கு 58 வயது. சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் 19 வருடம் கணக்கு எழுதிவிட்டு, 44 வயதில் வேலையை விட்டு ஆலோசகர் படிப்புப் படித்தேன். இப்போது பெரும்பாலும் வேலை மாற நினைப்பவர்களோடுதான் பேசுகிறேன். கேளுங்கள். "பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்" என்ற பதில் மட்டும் என்னிடம் கிடைக்காது.

கேள்வி: அக்கா, வயது 43, ஐடி மேனேஜர். அப்பாவை மூன்று வருடம் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் போன பிறகு நர்சிங் படிக்கும் எண்ணம் விடவே இல்லை. மனைவிக்குச் சம்மதம். அம்மாதான், "ஆம்பளைப் பிள்ளை நர்ஸா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்கிறார். இரண்டு பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் பாக்கி. தூக்கம் வரவில்லை.

தம்பி, உங்களைப் பிடித்திருப்பது இரண்டு பயம். ஒன்று காசு, இன்னொன்று மானம். இரண்டையும் சேர்த்து யோசிப்பதால்தான் தூக்கம் கெடுகிறது.

காசை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டுத் தவணை மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது என்றால், சம்பளம் நின்றதும் அதில் புதிதாக எதுவும் விழாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இருப்பு எத்தனை மாதத் தவணைக்குத் தாங்கும் என்று பாருங்கள். அடுத்தது காப்புறுதி. கம்பெனி தரும் மருத்துவக் காப்புறுதி வேலையோடு போய்விடும். சொந்தமாக எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ரிப்போர்ட்டில் ஏறிய பிறகு எடுத்தால், எது பாதுகாப்பு வேண்டுமோ அதையே ஒதுக்கிவிடுவார்கள்.

வரும் பக்கமும் உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் படிப்புக் கட்டணத்துக்கென்று அரசின் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வந்தது. குறிப்பிட்ட சில முழுநேரப் படிப்புகளுக்கு 2025 முதல் மாதாந்தர உதவித்தொகையும் தருகிறார்கள்: உங்கள் சராசரிச் சம்பளத்தில் பாதி, 3,000 வெள்ளிக்கு மேல் போகாது, மொத்தம் 24 மாதம் வரை. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படிப்பு அதில் சேருமா என்று விசாரியுங்கள். அப்புறம், வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் அந்த மாதாந்தர உதவித்தொகை அளவில் மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்கள். டியூஷனா, காரா, டிசம்பர் டூரா, எதை விடுவது வலிக்கிறது என்று தெரிந்துவிடும். நானும் இப்படித்தான் செய்தேன். மூன்றாவது மாதத்தில் கவிழ்ந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மானத்துக்கு எக்செல் கிடையாது. அந்த டயாலிசிஸ் மையத்தில் ஆண் நர்ஸ் யாராவது இருந்தாரா? இருந்தால், அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று அம்மாவிடமே கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: உண்மையாக இருப்பது என்றால், பாஸிடம் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடலாமா?

வேண்டாம், அது வாய்க்கொழுப்பு. நடக்காத சோதனையை நடந்ததாக எழுதச் சொன்னால் மாட்டேன் என்பது வேறு. அதற்குத் தைரியமும் வேண்டும், ஆறு மாதச் செலவுக்குப் பணமும் வேண்டும்.

கேள்வி: அக்கா, சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கட்டுமான வேலை, வொர்க் பெர்மிட். ஊரில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு எட்டுப் பவுன் எதிர்பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அப்பா வெளியே தலைகாட்ட முடியாது.

தம்பி, "கனவைத் துரத்து" என்று உங்களிடம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது, ஏஜென்ட் கடன் உங்கள் தலையில். ஆனால் அந்தப் பொய்க்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பவுன் அந்த வட்டிதான். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், தங்கச்சியிடம் மட்டும் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். சாப்பாடும் கடனும் போக மிச்சம் இவ்வளவு என்று எழுதுங்கள். கல்யாணப் பெண்ணே "அஞ்சு பவுன் போதும்ப்பா" என்று சொன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு இல்லை. அப்புறம், மரீனா பே முன்னால் இஸ்திரி சட்டையில் நின்று எடுத்த படங்களைக் கொஞ்ச நாள் அனுப்பாமல் இருங்கள்.

கேள்வி: வயது 26. எல்லோரும் எதையோ நோக்கி ஓடுகிறார்கள். என் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் நோக்கத்தைக்கூட வரிசையில் நின்று வாங்கிவிடப் பார்க்கிறோம், எல்லாம் கியாசு. தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள். 2007இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியிலேயே ஏறிவிட்டது! நோக்கம் மெதுவாகத்தான் வரும். தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1924இல் இங்கே வந்தது பத்திரிகை தொடங்க அல்ல, பிழைக்க. வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல்தான் தமிழ் முரசு.

எனக்கு வந்த விதம் இன்னும் சாதாரணம். எங்கள் புளோக் கீழே ஒரு தாத்தா வீவக கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். மறுவாரம் மூன்று பேர் வந்தார்கள். ஆபீஸ் கணக்கை ஐந்தரைக்கு மூடிவிடும் நான், அங்கே ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது. திட்டு வாங்கியும் நீங்கள் விடாமல் செய்வது எது? இருக்கும் வேலையை விடாமல், அதற்கு வாரம் மூன்று மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பெயர் வேண்டாம். எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தோன்றுகிறது. இரண்டு மாதமாகச் சாப்பாடும் இறங்கவில்லை.

இதை நோக்கம் பற்றிய கேள்வியாக நினைத்துக் காத்திருக்காதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய், இங்கே எழுதியதை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நிமிடமே 1767க்கு அழையுங்கள், அது சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்பு உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: வயது 63. வாரம் ஐந்து நாள் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன். வீணை கற்க ஆசை. மகளிடம் சொல்லப் பயம்.

அக்கா, புதன்கிழமையை மட்டும் கேளுங்கள். வீணைக்கு என்றே சொல்லிக் கேளுங்கள். முதுகுவலி என்று சாக்குச் சொன்னால் மகள் தைலம் வாங்கி வருவாள், புதன்கிழமை கிடைக்காது.

கேள்வி: அக்கா, அந்த ஐடி ஆள்தான். அம்மாவிடம் கேட்டேன். ஆண் நர்ஸ் ஒருவர் இருந்தார், மலாய்க்காரர். "தம்பி" என்றுதான் கூப்பிட்டாராம். தீபாவளிக்கு அவருக்கென்று தனியாக ஒரு டப்பா முறுக்கு கொடுத்தாராம். இதைச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இன்று அவரிடம் மேலே ஒன்றும் பேசாதீர்கள். நாளைக்கு மசேநி இருப்பைப் பாருங்கள்.