ஏரா முதல் பாய்மர உச்சி வரை: வாசகர் கேள்வி – பதில்

பழங்கப்பல்களையும் கடல்சார் அருங்காட்சியகங்களையும் பார்க்கச் செல்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: கடல்சார் அருங்காட்சியகம் ஒன்றையும் அதை ஒட்டி நிறுத்தப்பட்டுள்ள பழைய பாய்மரக் கப்பலையும் ஒரே நாளில் பார்க்கவிருக்கிறோம். எதை முதலில் பார்ப்பது நல்லது?

பதில்: பெரும்பாலோர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, ஒவ்வொரு விளக்கப் பலகையையும் படித்துக் களைத்து, கடைசி அரைமணி நேரத்தில் கப்பலுக்குள் நுழைந்து படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் இதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்வேன். காலையில் கதவு திறந்ததும் நேரே கப்பலுக்குச் செல்லுங்கள். ஆனால் உடனே ஏறிவிடாதீர்கள். முதலில் அதை வெளியிலிருந்து ஒருமுறை சுற்றி வாருங்கள். உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிய கப்பல் துறையில், நிற்கும் கப்பலாக இருந்து, துறையின் அடித்தளத்துக்கு இறங்க வழியும் இருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். கப்பலின் குணம் நீருக்கு மேலே தெரியும் அலங்காரத்தை விட, நீருக்குள் மறையும் வயிற்றின் வளைவில்தான் அதிகம் தெரியும்.

லண்டனின் கிரீனிச்சில் உள்ள கட்டி சார்க், 1869இல் நீரில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல். அதை 3 மீட்டருக்கும் மேலாக உயர்த்தி நிறுத்தியிருப்பதால், ஏரா எனப்படும் அடிமரத்துக்கு அடியிலேயே நடந்து செல்லலாம். அணியத்தின் (கப்பலின் முன்முனையின்) கீழே நின்று பின்பக்கம் நோக்கினால், கத்திபோல் ஒடுங்கிய அந்த உடல் வேகத்தையே முதன்மையாகக் கருதிக் கட்டப்பட்டது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். பிரிஸ்டலில் உள்ள கிரேட் பிரிட்டன், பொறியாளர் புரூனல் வடிவமைத்து 1843இல் நீரில் இறக்கப்பட்ட இரும்புக் கப்பல். அங்கே நீர்மட்டம் இருக்க வேண்டிய உயரத்தில் துறையைக் கண்ணாடியால் மூடி, அதன்மேல் மெல்லிய அளவு தண்ணீரைப் பரப்பியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் மிதக்கிறது, படியிறங்கினால் கடலுக்கு அடியில் நடக்கிறோம்.

உள்ளே சென்றபின் மேல்தளத்திலிருந்து கீழ்நோக்கிப் போங்கள். பயன் விளங்காத பொருள்கள் இரண்டு மூன்றை மனத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு விடை தேடும் எண்ணத்தோடு அருங்காட்சியகத்துக்குள் செல்லுங்கள். போர்ட்ஸ்மத்தில் உள்ள மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மட்டும் இதற்கு விலக்கு. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட அந்தக் கப்பலில் ஏறத்தாழ ஒரு பக்கம்தான் எஞ்சியிருக்கிறது. அதற்கு எதிர்ப்புறத்தில், ஒவ்வொரு தளத்துக்கும் நேராக, அந்தத் தளத்தில் கிடைத்த பொருள்களை அடுக்கியிருப்பதால் கப்பலையும் காட்சிப் பொருள்களையும் தனித்தனியே பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய போர்க்கப்பல்களின் கீழ்த்தளங்களில் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. அக்காலத்து மாலுமிகள் அவ்வளவு குள்ளமானவர்களா?

பதில்: இல்லை. இந்தக் கேள்வியை நானும் ஒருமுறை நெற்றியில் வீக்கத்தோடு ஒரு வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன். தளங்கள் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் பாரம். ஒவ்வொரு தளத்தையும் ஒரு சாண் உயர்த்தினாலும் அதன்மேல் நிற்கும் பீரங்கிகள், தளங்கள், பாய்மரங்கள் எல்லாம் ஒரு சாண் மேலே போகும். கப்பலின் எடைமையமும் அவற்றோடு உயரும். எடைமையம் உயர உயர, காற்றில் சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிர்வது கடினமாகிறது. ஆகவே மனிதன் குனிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதைக் காண ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா கப்பலைப் போல வேறொன்றில்லை. 64 பீரங்கிகளைச் சுமந்த அந்தப் போர்க்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றவுடன், ஒரு சிறிய காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கிப்போயிற்று. இதில் என்னை மிகவும் உறுத்துவது, அந்தக் குறை புறப்படும் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். கப்பலின் நிலைப்பைச் சோதிக்க 30 பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் அபாயகரமாக ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் கப்பல் புறப்பட்டது.

அந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றால், செதுக்கப்பட்ட சிங்கங்களைப் பார்த்து முடித்ததும், கப்பலில் கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களைத் தேடிப் பாருங்கள். சில, 12 அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடியில் அளந்தவை. சில, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியில் அளந்தவை. கப்பல் கவிழ்ந்ததற்கு இது முதன்மைக் காரணம் அன்று; ஆயினும் ஒரே கப்பலை இரண்டு அளவுகளில் கட்டினார்கள் என்ற செய்தி தொழிலறிந்த எவரையும் சற்று நிற்கவைக்கும்.

கேள்வி: நாங்கள் பார்த்த கப்பலில் பெரும்பாலான மரங்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை என்று வழிகாட்டி சொன்னதும் ஏமாற்றமாகிவிட்டது. அதைப் பழைய கப்பல் என்று எப்படி ஏற்பது?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானதே, ஆனால் மரக்கப்பலின் இயல்பை ஒட்டி அதைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். மரக்கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே மாறிக்கொண்டிருந்த பொருள். மழைநீர் இறங்கிய பலகை அழுகும், கடல்நீரில் மரத்தைத் தின்னும் கப்பல் புழு துளையிடும், போரில் குண்டு பாயும்; துறைக்கு வரும்போதெல்லாம் பலகை மாற்றி, இடைவெளிகளில் நார் திணித்துக் கீல் (தார்) பூசி மீண்டும் அனுப்புவார்கள். டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக (தளபதி இருந்து நடத்தும் கப்பலாக) இருந்த விக்டரி 1765இல் நீரில் இறக்கப்பட்டது. 1805இல் நடந்த அந்தப் போருக்கு முன்பே அது பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆகவே நெல்சன் நின்ற கப்பலே பாதி பழையது, பாதி புதியதுதான்.

பாஸ்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷன் 1797இல் நீரில் இறக்கப்பட்டு இன்றும் மிதக்கிறது. இன்றும் அமெரிக்கக் கடற்படைப் பட்டியலில் உள்ள கப்பல் அது. அதன் மூல மரத்தில் எஞ்சியிருப்பது சிறு பங்குதான். ஆனால் அதைப் பழுதுபார்ப்பதற்கென்றே இண்டியானா மாநிலத்தில் கடற்படைக்குச் சொந்தமான நிலத்தில் வெள்ளை ஓக் மரங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. இனி வரப்போகும் தச்சர்களுக்காக இப்போதே மரம் நின்று வளர்வதை நான் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். மிதந்துகொண்டேயிருக்க வேண்டுமென்றால் மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். வாசாவோ பெரும்பாலும் மூலமரமே. ஆனால் அது முதல் பயணத்திலேயே மூழ்கி, 333 ஆண்டுகள் சேற்றில் கிடந்தது. உப்புக் குறைந்த பால்டிக் நீரில் கப்பல் புழு வாழ்வதில்லை என்பதால் அது பிழைத்தது.

நிறுத்தி வைத்தாலும் கப்பல் ஓய்வதில்லை. கடல் ஒரு கப்பலை எல்லாப் பக்கமும் ஒருசேரத் தாங்கும். உலர்துறை சில இடங்களில் மட்டுமே முட்டுக்கொடுக்கும். 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரி தன் எடையாலேயே தொய்ந்து நசுங்கத் தொடங்கியதால், கடல் தாங்குவதைப் போலவே பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி 134 எஃகு முட்டுகளை அதன் அடியில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முட்டும் தன்மேல் இறங்கும் எடையை அளந்து காட்டும். சென்றால் பீரங்கிகளைப் படமெடுப்பதோடு நிற்காமல் இந்த முட்டுகளையும் பாருங்கள். பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டியிருந்தால் அதையும் குறையாக நினைக்க வேண்டாம். பலகைகளைக் கழற்றிய இடத்தில் வங்குகள், அதாவது கப்பலின் விலா மரங்கள், தெரியும், அந்தக் காட்சி முடிக்கப்பட்ட கப்பலில் கிடைக்காது. கட்டி சார்க் 2007இல் தீப்பற்றியபோது, புதுப்பிக்கும் வேலைக்காகப் பாய்மரங்களும் பல பலகைகளும் ஏற்கெனவே கழற்றி அப்புறப்படுத்தப்பட்டிருந்ததால்தான் பெருமளவு தப்பியது.

கேள்வி: வாசா போன்ற இடங்களில் உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு? கப்பலில் ஏறவும் தொடவும் ஏன் விடுவதில்லை?

பதில்: பல நூறாண்டு நீரில் ஊறிய மரம் பார்வைக்குத்தான் திடமாக இருக்கும். அதன் நுண்ணறைகளில் மரச்சத்துக் கரைந்துபோய், அந்த இடத்தைத் தண்ணீர் தாங்கி நிற்கும். அப்படியே உலரவிட்டால் அறைகள் இடிந்து, பலகை சுருங்கி வெடித்துவிடும். ஆகவே வாசாவை 1961இல் வெளியே எடுத்தபின், மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளை நீரில் கலந்து 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் அது மெல்ல ஊறிக்கொண்டது.

அதோடு முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், மழை மிகுந்த 2000ஆம் ஆண்டுக் கோடையில், மரத்தின் மேற்பரப்பில் வெண்மையும் மஞ்சளுமான படிவுகள் தோன்றின. துறைமுகத்தின் அழுக்கு நீரில் கிடந்த காலத்தில் மரத்துக்குள் புகுந்த கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு துணைசெய்ய, காற்றோடு சேர்ந்து அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. நனைந்த உடையோடு வந்த பார்வையாளர் கூட்டம் உள்ளேயிருந்த காற்றின் ஈரத்தைக் கூட்டிவிட்டது. அதன் பிறகு காற்றுப் பதனாக்கும் அமைப்பைப் புதுப்பித்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட இரும்பு மரையாணிகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்தினார்கள். ஒளியும் மரத்தையும் பழைய துணிகளையும் கெடுக்கும் என்பதால்தான் இருட்டு. உள்ளே நுழைந்தவுடன் படமெடுக்க முயலாமல் ஐந்து நிமிடம் நின்றுவிடுங்கள்; கண் பழகியபின் செதுக்கல்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

கேள்வி: மூட்டுவலி உள்ள என் தாயாரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: அழைத்துச் செல்லலாம், ஆனால் கப்பலின் படிகள் உண்மையில் ஏணிகள். இறங்கும்போது படிக்கு முகம் காட்டி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். கையில் பை இருக்கக் கூடாது. மின்தூக்கி எந்தத் தளம்வரை செல்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்தளத்தை மட்டும் பார்த்தாலும் உங்கள் தாயாருக்குக் குறையொன்றுமில்லை. குழந்தைக்கு, நடக்கத் தடுமாறும் உயரமான நிலைப்படிகளே முதல் தொல்லை.

கேள்வி: பழைய கப்பலின் மாதிரியாகப் புதிதாகக் கட்டிய கப்பல்களைப் பார்ப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. சில வகைகளில் அசலில் கிடைக்காதது அவற்றில் கிடைக்கும். நெதர்லாந்தின் லேலிஸ்டாட் நகரில் 1985இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் கட்டப்பட்ட பட்டாவியா, 1629இல் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்த டச்சுக் கப்பலின் மாதிரி. அசல் கப்பலின் ஒரு பகுதி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கையெட்டாத தூரத்தில் நிற்க, மாதிரியிலோ தளங்களுக்குள் இறங்கி நடமாடலாம். பல நூறு பேர் மாதக்கணக்கில் இருந்த இடம் எவ்வளவு சிறியது என்பது, அங்கே கீழ்த்தளத்தின் நடுவில் சற்று நேரம் நின்றால் தெரிந்துவிடும்.