வக்கீலம்மா பதில்கள்

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கூட வேலை பார்ப்பவன் கூப்பிட, அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே அம்மா இல்லை. பலாத்காரம் செய்துவிட்டான். மூன்று வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "தானாகப் போனாள், கத்தவும் இல்லை, கேஸ் நிற்காது, அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்" என்கிறார் பெரிய மாமா. பையன் வீட்டிலும் சரி என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் மாமா பேசுகிறார், பையன் வீட்டார் பேசுகிறார்கள். தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

மாமா சொல்லும் சட்டம் எங்கேயும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63வது பிரிவில், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போனவள் அதற்குத்தான் போனாள். காட்பாடியில் சினிமா பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிய பெண்ணைப் பாலாற்றங்கரைக்குக் கடத்திப் பலாத்காரம் செய்த 2022 வழக்கிலும், "ராத்திரியில் சினிமா எதற்கு?" என்று கேட்ட பெரிய மனிதர்கள் நம் ஊரில் உண்டு. புகார் சில நாள் கழித்து, எஸ்.பி.க்கு மின்னஞ்சலில்தான் போனது. 2025 ஜனவரியில் நான்கு பேருக்கு 20 ஆண்டு சிறை. தாமதம் ஆனால் ஏன் ஆனது என்று உள்ளபடி சொன்னால் போதும்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். 2015 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றமே, கடலூர் பலாத்கார வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவனுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் முடியாது என்றாள். ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று சொன்னது. சென்னை உத்தரவும் அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. நீதிபதிகளே கைவிட்டதை மாமா பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். கட்டி வைத்தால் தீர்வது மாமாவின் மானப் பிரச்சினை. அவனுக்குச் சோறு போடப் போவது மாமா இல்லையே!

தங்கை புகார் கொடுக்க விரும்பினால், வாக்குமூலம் வாங்கப் பெண் போலீஸ் வீட்டுக்கே வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுப்பது போலீசுக்கே குற்றம். அன்று போட்டிருந்த துணி துவைக்காமல் இருந்தால் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம். புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கர்ப்பம், தொற்று இரண்டையும் பார்க்க வேண்டும், சிகிச்சை இலவசம். இரண்டு விரல் சோதனை (பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது) கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது ஆரம்பித்தால் மறுக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181க்கு அவளே போன் செய்து பேசலாம்.

பையன் வீட்டார் மறுபடி வந்தால் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். மாமா சொல்வதையும் சேர்த்துத்தான்.