செவுள் மடலைப் பாருங்கள், நிறத்தை அல்ல

கேள்வி: அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வசிக்கிறோம். அருகிலுள்ள ஏரியில் என் மகன் பிடிக்கும் தட்டையான சிறு மீனைச் சிலர் ப்ளூகில் என்கிறார்கள், சிலர் வேறு வகை சன்ஃபிஷ் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? பல நேரம் புழு மட்டும் பறிபோகிறது, மீன் சிக்குவதில்லை. ஏன்?

பதில்: ப்ளூகில் இலினாயின் மாநில மீன், உங்கள் ஏரியில் அது இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் மார்பு செம்மஞ்சளாக ஒளிரும். கலங்கல் நீரில் அதே மீன் வெளிறித் தெரியும். செவுள் மூடியின் பின்முனையில் உள்ள சிறு மடலையே முதலில் பாருங்கள். ப்ளூகில்லுக்கு அது விளிம்புவரை கருமையாகவே இருக்கும். மற்ற சன்ஃபிஷ் வகைகளில், பம்ப்கின்சீடுக்கு அந்த மடலின் நுனியில் செம்புள்ளியும், ரெட்இயருக்குச் சிவந்த விளிம்பும் உண்டு. முதுகுத் துடுப்பின் பின்பகுதி அடியில் கரும்புள்ளி இருந்தால் ப்ளூகில்தான் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். கிரீன் சன்ஃபிஷுக்கும் அந்தப் புள்ளி இருக்கும் என்பதால் வாயையும் பார்க்க வேண்டும். கிரீன் சன்ஃபிஷின் வாய் பெரியது, கண்ணுக்குக் கீழ்வரை நீளும்; ப்ளூகில்லின் வாய் மிகச் சிறியது, மார்புத் துடுப்போ நீண்டு கூர்மையானது. இவ்விரண்டும் தமக்குள் கலந்து கலப்பினக் குஞ்சுகளை ஈனுவதால், இரண்டின் அடையாளங்களும் கலந்த மீன் கிடைத்தால் வியப்படைய வேண்டாம்.

புழு பறிபோவதற்கும் அந்தச் சிறு வாயே காரணம். தூண்டில் முள்ளின் அளவு எண் கூடக்கூட முள் சிறியதாகும்; 8 அல்லது 10ஆம் எண் முள்ளில், தண்டு நீண்டதாகத் தேர்ந்து, முழுப் புழுவைத் தொங்கவிடாமல் முள்ளை மறைக்கும் அளவுக்கு ஒரு துண்டை மட்டும் கோத்துவிடுங்கள். சுண்டுவிரல் பருமனுள்ள மிதவை போதும். பெரிய மிதவையை இழுக்கும்போது எதிர்ப்பை உணர்ந்து மீன் இரையைத் துப்பிவிடும். நீர்ச்செடிகளின் ஓரமும் படகுத்துறையின் நிழலும் நல்ல இடங்கள். கோடை வெயிலில் பெரிய மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும்.

நீர் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆழமற்ற தரையில் வட்டக் குழிகள் நெருக்கமாகத் தென்படும். அவை ஆண் மீன்கள் வாலால் துடைத்து அமைத்த கூடுகள். அங்கே மீன் எளிதில் சிக்கும் என்றாலும், காவல் மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், பெரிய ஆண்களை உடனே விட்டுவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். முதுகு முட்கள் கையைக் கீறும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி, முட்களை மடக்கிப் பிடியுங்கள். இலினாயில் 16 வயது முதல் மீன்பிடி உரிமம் தேவை. உங்கள் ஏரிக்குரிய பிடிப்பு வரம்பையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள்.