பேஸ்பால் முகாமுக்கு வரும் அழைப்பு, கல்லூரி இடத்துக்கான அழைப்பா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் விவசாயி நான். அமெரிக்காவில் இருக்கும் என் மகளின் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான்; பேஸ்பால் அணியில் பந்தெறிபவன். ஐந்து கல்லூரிகளின் பயிற்றுநர்கள் அவன் பெயரைக் குறிப்பிட்டுக் கோடை முகாமுக்கு அழைத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சில நூறு டாலர் கட்டணம். பயணமும் தங்குமிடமும் தனிச் செலவு. பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை நம்புகிறார். “அப்புச்சி, நீங்க கொஞ்சம் உதவுங்க” என்று பேரன் கேட்கிறான். மஞ்சள் விற்ற பணத்தை அனுப்பலாமா?
- ஒரு வாசகர்

பதில்: ஐயா, கோவைக்குத் திரும்புவதற்கு முன் அமெரிக்காவில் என் மகனை இத்தகைய முகாம்கள் பலவற்றுக்கு அழைத்துச் சென்ற தாய் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஐந்துக்கும் இப்போது பணம் அனுப்ப வேண்டாம்.

அங்கே கல்லூரி விளையாட்டை மூன்று பிரிவுகளாக நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, அவற்றில் உயர்ந்ததான முதல் பிரிவுக் கல்லூரிகளின் பேஸ்பால் பயிற்றுநர்கள், ஒரு மாணவன் பதினொன்றாம் வகுப்பில் நுழையும் ஆண்டின் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு முன்பு, அவனை அணியில் சேர்ப்பது பற்றி அவனோடு பேசவோ எழுதவோ கூடாது. ஆனால் முகாம் விளம்பரம் அனுப்புவதற்குத் தடையில்லை. முகாமும் வயது, வகுப்பு, எண்ணிக்கை போன்ற வரம்புகளுக்கு உட்பட்டு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பத்தாம் வகுப்பில் அத்தகைய கல்லூரியிலிருந்து வரும் அழைப்பில் பையனின் பெயர் இருந்தாலும், அது பட்டியலில் உள்ள பலருக்கும் சென்ற கடிதமாகவே இருக்கும். ஈரோட்டு விற்பனைக் கூடத்தில் மாதிரி மஞ்சளை உடைத்துப் பார்க்கும் வியாபாரிகள் எல்லாரும் விலை எழுதுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நாங்கள் முதலில் சென்ற பெரிய பல்கலைக்கழக முகாமில் நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் இருந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் என் மகன் எறிந்த ஒரு பந்தையும் பார்க்கவில்லை. அன்றிரவு காரில் அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தது இன்றும் என் மனத்தில் நிற்கிறது. பிறகுதான் முறையை மாற்றிக்கொண்டோம். பேஸ்பால் இல்லாவிட்டாலும் படிக்க விரும்பும் கல்லூரிகளை அவனே தேர்ந்தெடுத்து, தன் காணொளியையும் மதிப்பெண்களையும் அவனே பயிற்றுநர்களுக்கு அனுப்பினான். ஒருவர் மட்டும், எறியும்போது அவன் விரல்கள் பந்தைப் பிடிக்கும் விதத்தைப் பற்றி எழுதி, நேரில் பார்க்க வேண்டும் என்றார். அந்த முகாமுக்குக் கட்டிய பணம் வீணாகவில்லை. அவன் அங்கேயே சேர்ந்தான். அது மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. கிடைத்த உதவி முழுவதும் அவனுடைய படிப்புக்காகவே வந்தது.

முதல் பிரிவிலும் முழு உதவித்தொகை எளிதன்று. 2024-25 வரை ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகையே அனுமதிக்கப்பட்டது. அதைப் பல வீரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், நீதிமன்ற வழக்கொன்றில் ஏற்பட்ட புதிய உடன்பாட்டில் இணைந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 34 பேர் மட்டுமே என்ற வரம்பு வந்துள்ளது. அந்த இடங்களுக்கு வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் மூத்த வீரர்களோடும் பள்ளி மாணவர்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது.

பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குப் பிறகு, பேரன் எறிந்ததைப் பார்த்துவிட்டுப் பயிற்றுநர் ஒருவர் எழுதினாலோ தொலைபேசியில் பேசினாலோ, “நான் சேரும் ஆண்டில் உங்கள் அணிக்குப் பந்தெறிபவர்கள் தேவையா?” என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் தரும் ஓரிரு கல்லூரிகளுக்கு மனநிறைவோடு அனுப்புங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அவனுடைய கை. ஒவ்வொரு முகாமிலும் வேகமானியின் முன் முழு வலுவோடு எறிவார்கள். முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் பள்ளி மாணவர்கள் அங்கே பலர். 15, 16 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது, ஆண்டில் நான்கு மாதமாவது போட்டிகளில் எறிவதிலிருந்து ஓய்வு வேண்டும் என்று அந்நாட்டுப் பேஸ்பால் அமைப்புகளின் வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்த முறை பேரன் அழைக்கும்போது, கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கடந்த ஓராண்டில் அவன் கைக்கு எத்தனை மாதம் ஓய்வு கிடைத்தது என்று கேளுங்கள்.